மூன்றாவது விரிப்பின் ஓரத் தையல்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

சர்வே எடுக்க வந்த அதிகாரியின் தலையில் நான் ஒரு வாளி சாக்கடைத் தண்ணீரைக் கவிழ்த்தேன் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். பெரியப்பா மகன் உனக்கும் போன் போட்டுச் சொல்லியிருப்பான். அது உண்மை இல்லை. அது வாளி இல்லை, பூவாளி. அதில் இருந்தது குழாய்த் தண்ணீர்; நான் குடிப்பதும் அதைத்தான். அவர்மேல் நான் ஊற்றவும் இல்லை. ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். செடிக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். பின்சுவர் ஏறிக் குதித்து, என் பாத்தியில் சிவப்புக் கொடி கட்டிய கம்பு ஒன்றை நட்டுவிட்டு, அதை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நகர்ந்து நிற்கச் சொல்லி இரண்டு மொழிகளில் கேட்டேன். இரண்டிலும் அவருக்குக் காது கேட்கவில்லை.

உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நனைந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. என் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் காலி நிலத்தில், வாய்க்கால் ஓரமாக, ஊர் முழுவதன் கழிவுநீரையும் சுத்தம் செய்கிற நிலையம் கட்டப்போகிறார்களாம். ஊர் முழுவதன்! உன் அத்தான் மாலைக் காற்று வாங்குவதற்காகவே அந்தப் பக்கம் சன்னல் வைத்துக் கட்டிய வீடு இது.

விடப்போவதில்லை. காலனிச் சங்கத்தில் இதுவரை நான் உறுப்பினர்கூட இல்லை, இன்று காலையிலிருந்து துணைத்தலைவர். தலைவர் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றும் ஹாரன் அடிப்பதுபோலத்தான் பேசுகிறார். எனக்குச் சரியான தகவல் வேண்டும். உன் வீட்டுக்காரர் தண்ணீர் இலாகாவில்தானே இருக்கிறார்? குடிநீர்ப் பக்கம் என்றாலும் அந்த மாதிரி நிலையங்களைப் பற்றி இலாகாவில் யாருக்காவது தெரிந்திருக்கும். நாற்றம் எப்படி, எவ்வளவு தூரம் வரும், ஏன் பள்ளமான இடமாகப் பார்த்துத் தேடுகிறார்கள்? கேட்டு எழுது. போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய்.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். ரத்த அழுத்தம் இறங்கித்தான் இருந்தது, உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் கொஞ்சம் ஏறியிருக்கலாம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், சுவர் ஏறிக் குதிப்பவர்களைத் துரத்த அது தேவைப்படும். ஐம்பது வயதுக்காரிக்கு “வாலு” என்று உறைமேல் எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். தபாலாபீஸ் போனால் தபால்காரர் குரலை ஏற்றிப் படிக்கிறார்.

கேட்டு எழுதுகிறேன். பள்ளம் ஏன் என்றால், கழிவுநீர் தானாக ஓடிவந்து சேரும். மேட்டில் கட்டினால் எல்லாவற்றையும் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் வழியெல்லாம் பொங்கும்.

நாற்றம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. பெரிய தொட்டிகளில் காற்றை அடித்துக் கலக்குகிறார்களே, அங்கே மழை பெய்து ஓய்ந்த மண்வாசனைதான் வரும். நம்பமாட்டீர்கள். கெட்ட நாற்றம் வருவது, தண்ணீர் முதலில் வந்து விழுகிற இடத்திலும், அடியில் தங்கிய கசடைக் காயவைக்கிற இடத்திலும். அதுவும் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், காற்று அசையாமல் நிற்கும்போது, தரையோடு தரையாக ஊர்ந்து வரும். வெயில் ஏறினால் எழுந்து போய்விடும். மழை நாளில் கசடு காயாவிட்டால் கஷ்டம்தான். அப்போது சன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்கிறார்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

(தபால்காரர் படிக்கட்டும். குரல் வளம் வரும்.)

உன் கடிதம் நன்றாக இருந்தது. இத்தனை தெளிவாக யாரிடம் விசாரித்தாய்? விடிவதற்கு முன்னால் எழுந்து முகர்ந்து பார்த்த ஆளாக இருக்க வேண்டும். அவருக்கு என் நன்றியைச் சொல். உன் மகளுக்கு மூட்டு வலி என்றாயே, இப்போது தேவலையா?

இங்கே ஒரே ரகளை! டிரைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். நாற்காலி போதாமல் பழைய டயர்களைப் போட்டு உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து, “கொசு வரும், காய்ச்சல் வரும்,” என்று ஆரம்பித்தார். “உங்களுக்கு வியாபாரம்தானே, நீங்க ஏன் கவலைப்படுறீங்க?” என்று யாரோ கேட்க, அவர் கோபித்துக்கொண்டு டயரோடு திரும்பி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார்: “வண்டி அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வச்சா, குறுக்க நான் படுப்பேன்!” அவர் மனைவி உள்ளேயிருந்து, “கட்டிலுக்குக் குறுக்க படுக்குறதே கஷ்டம், இதுல ரோட்டுக்குக் குறுக்கயா!” என்றாள்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். கான்வென்ட் பள்ளியில் மதர் சொல்லிக்கொடுத்தபடி கடைசி வரிசையைப் பார்த்துப் பேசினேன். “அப்படி ஒரு இடத்துக்குப் பக்கத்துல மானமுள்ள குடும்பம் ஏதாவது குடியிருக்குமா? ஒரு வெள்ளைத் துணியைக் கொடியில காயப்போட முடியுமா? பதில் சொல்லுங்க!” என்று கேட்டேன். அப்படி ஒரு கைதட்டல்! இருட்டில் எங்கோ ஒரு நாய்கூடக் குரைத்தது. அந்த வாக்கியத்தை இப்போது அட்டைகளில் எழுதி வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறார்கள். எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

நகராட்சிக்காரர்கள், “எதிர்க்கிறதுக்கு முன்னால ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க” என்றார்கள். பார்த்துவிடுவோம் என்று சங்கமே பஸ் பிடிக்கிறது. எந்த ஊர் தெரியுமா? உன் ஊர்! அங்கே பெரிய நிலையம் இருக்கிறதாமே, நீ சொன்னதே இல்லையே. ஏப்ரல் 23-ஆம் தேதி வருகிறோம். அவர்கள் அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், நான் பார்த்து முடித்துவிட்டு உன் வீட்டில் மதியம் சாப்பிடுகிறேன். நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து உன் வீட்டை நான் பார்த்ததே இல்லை. நான் வருகிறேன் என்றால் ஒன்று வெள்ளையடிக்கிறார்கள், அல்லது குழாய் உடைந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த விலாசம் தபால் பெட்டி எண் மட்டும். பெட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் உடனே எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 14

அக்கா,

உங்கள் கடிதம் அப்போதே வந்துவிட்டது. எழுத முடியவில்லை.

23-ஆம் தேதி வீடு பூட்டியிருக்கும். மகள் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நீங்கள் வந்து பாருங்கள். மறக்காமல் இரண்டு விஷயம். பாலம் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு பசை காய்ச்சுகிற ஆலை இருக்கிறது. அங்கே வருவது நிலையத்து நாற்றம் இல்லை, எலும்பும் தோலும் வேகிற நாற்றம். அங்கேயே இறங்கித் திரும்பிப் போய்விடாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். இரண்டாவது, உள்ளே எல்லாவற்றையும் பார்த்த பிறகு, லாரி எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் என் முழங்காலை விசாரிக்கவில்லை. அது நன்றாக இருக்கிறது. போய்வந்ததை முறையாக எழுதுகிறேன்.

பஸ்ஸை ஓட்டியது நம் டிரைவரேதான்; ஸ்டியரிங்கை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பாலம் தாண்டியதும் நீ எழுதியபடியே வந்தது பார், ஒரு நாற்றம்! மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையில் மூக்கைப் புதைத்தார். கடைசி சீட்டில் ஒருவர் வாந்தி எடுத்தார். டிரைவர் பிரேக் போட்டார். “பார்த்தாச்சு! இதுக்கு மேல என்ன பார்க்கணும்? திருப்புறேன்!” என்று பஸ்ஸைக் குறுக்கே வளைத்தார். எல்லோரும், “திருப்புங்க, திருப்புங்க!” என்றார்கள்.

நான் எழுந்து போய் அவர் தோளைத் தட்டினேன். “அந்த போர்டைப் படிங்க.”

“கண்ணு எரியுது, எங்க படிக்கிறது!”

“அது பசை ஆலை. நாம பார்க்க வந்தது இன்னும் தள்ளி இருக்கு. நேரா விடுங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் தங்கை எழுதியிருக்கா. அவ இந்த ஊர்க்காரி.”

நிலையத்து வாசலில் இறங்கினோம். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? ஒவ்வொருவராக மூச்சு விட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிக்காட்ட வந்தது தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு பெண். சுறுசுறுப்பானவள். “ஃபோர்மேன்தான் நல்லா சொல்வார். இத்தனை வருஷமா இங்கேயே குடியிருக்கார். இன்னிக்குன்னு பார்த்து லீவு போட்டுட்டார்,” என்றாள்.

தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் நாற்றம் இருந்தது. இல்லையென்று எழுதமாட்டேன். காற்றூட்டும் தொட்டி ஓரத்தில் மழை ஓய்ந்த மண்வாசனை. உன் வார்த்தையே சரியான வார்த்தை. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எங்க காலனிக்கு வேண்டாம்மா,” என்றார். அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டாள்: “சரிங்க. உங்க காலனித் தண்ணி இப்போ எங்க போகுது?”

“அது... போகுது,” என்றார் டிரைவர்.

“எங்கே?”

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் பின்சுவருக்கு அப்பால் இருக்கிற வாய்க்காலில் அப்படியே போய் ஏரியில் கலக்கிறது. உன் அத்தான் வைத்த சன்னலை நான் திறந்து பல வருடங்கள் ஆகின்றன. இதை யாரிடமும் சொன்னதில்லை, காலனியில் யாரும் சொல்வதில்லை.

நிலையத்துக்குள்ளேயே, வேலிக்கு அந்தப் பக்கம், ஊழியர் குடியிருப்பு ஒரு வரிசை இருக்கிறது. கடைசி வீட்டு முற்றத்துக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் நீலநூலால் சிலுவைத் தையல் பூக்கள். மற்றவர்கள் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வேலியைச் சுற்றிப்போய் விரிப்பில் மூக்கை வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனை வந்தது, வெயில் வாசனை வந்தது. வேறெதுவும் வரவில்லை. என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும்.

அந்த வீட்டுச் சன்னல் திரை அசைந்தது. அப்போது காற்றில்லை. நான் கதவைத் தட்டவில்லை. அழைக்காத வீட்டின் கதவைத் தட்டக்கூடாது என்பது எனக்குப் பழக்கம்.

மூன்றாவது விரிப்பில் ஓரத் தையல் பிரிந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரியை உனக்குத் தெரிந்திருந்தால் சொல். இரட்டைத் தையல் போட வேண்டும்.

உன் அக்கா

*

மே 22

அக்கா,

இரட்டைத் தையல் போட்டுவிட்டேன்.

சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரிப்புகளை நான் வெளியே எடுப்பதில்லை. என் கல்யாணத்துக்கு ராத்திரி பகலாக உட்கார்ந்து நீங்கள் தைத்தவை, பெட்டியிலேயே கிடந்தன. நீங்கள் வருகிற நாளன்று துவைத்துக் கொடியில் போட்டேன். “வெள்ளைத் துணி காயப்போட முடியுமா, பதில் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லத்தான் போட்டேன். பிறகு நீங்கள் நிஜமாகவே வேலியைச் சுற்றி வருவதைப் பார்த்ததும் கதவைத் திறக்க வந்தேன், தாழ்ப்பாள் வரைக்கும் வந்தேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. பெண் பார்க்க வந்தபோது நீங்கள்தான், “எந்த இலாகா?” என்று கேட்டீர்கள். இவர், “தண்ணீர்” என்றார். “நல்லது, சுத்தமான வேலை,” என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதையே பெருமையாகச் சொன்னீர்கள். அதற்குப்பின் எங்கே திருத்துவது? உங்களைத் திருத்துகிற தைரியம் நம் வீட்டில் யாருக்கு இருந்தது? அழுக்குத் தண்ணீரைத்தானே இவர் சுத்தம் செய்கிறார், அதனால் சுத்தமான வேலைதான் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

ஆனால் மானமுள்ள குடும்பம் என்று எழுதினீர்களே, அன்று சிரிப்பு வரவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்து வளர்ந்தார்கள். காற்று அடிக்கிற இயந்திரத்தின் இரைச்சல்தான் எங்களுக்குத் தாலாட்டு. அது நின்றால் தூக்கம் கலைந்து இவர் சட்டையைத் தேடுவார். இதைவிட மானத்தோடு யாரும் வாழ்ந்து நான் பார்க்கவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டீர்கள். அதையும் பார்த்தேன்.

தங்கை

*

ஜூன் 3

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் இருக்கிறது. இன்னும் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை. கிடைத்ததும் எழுதுகிறேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தில் என் எழுத்து வலப்பக்கம் சாயும், நேராக இருக்கிறதா பார்.

அதற்கு முன்னால் அவசர வேலை. ஜூலை 8-ஆம் தேதி நகராட்சி மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். அன்று நாங்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றால், திட்டத்தை ஏரிக்கு மேற்கே மேட்டு நிலத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், நீ சொன்னாய். மின்சாரம் போனால் எங்கே பொங்கும்? பள்ளத்தில்தான் பொங்கும். பள்ளத்தில் இருப்பது நாங்கள். வேண்டாம் என்று சொல்லி ஜெயித்தாலும் எங்களுக்குத் தோல்விதான். சரி என்று சும்மா சொன்னாலும் தோல்விதான், அவர்கள் இஷ்டத்துக்குக் கட்டுவார்கள். ஆகவே என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி!

உன் வீட்டுக்காரரிடம் கேள். இலாகாவில் விசாரிக்க வேண்டாம், அவரையே கேள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உண்மையில் தொந்தரவு எது? லாரி வருகிற வழியைப் பார்க்கச் சொன்னாய், பஸ் கூச்சலில் அதைக் கோட்டைவிட்டேன். திட்டத்தின் வரைபடத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். என் வீடு பென்சிலால் வட்டமிட்டது.

உன் அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்கா,

எழுத்து நேராகத்தான் இருக்கிறது. அடிக்கோல் வைத்துப் பார்த்தேன்.

உங்கள் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். மூன்று நாளாக நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். “உங்க அக்கா என்னைக் கேட்கச் சொன்னாங்களா? என்னையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடிதத்தைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

தண்ணீர் வந்து விழுகிற இடத்துக்குக் கூரையும் சுவரும் கேளுங்கள். உள்ளே தேங்கும் காற்றைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். கசடு காயவைக்கிற கொட்டகை இப்போது உங்கள் சுவரை ஒட்டி இருக்கிறது. காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாரையும் கேட்காமல் போட்டிருக்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வேண்டும். சுற்றிலும் மரம் நடுகிறோம் என்பார்கள். நடட்டும், நல்லதுதான், ஆனால் மரத்தைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாசல். (இந்த இடத்தில் மேசையைத் தட்டினார், டீ கொட்டிவிட்டது. வரைபடத்தில் இருப்பது டீக்கறைதான், பயப்பட வேண்டாம்.) குழாய் போகாத வீடுகளிலிருந்து செப்டிக் டேங்க் லாரிகள் நாள் முழுக்க வரும். சொட்டிக்கொண்டே வரும். எங்கள் குடியிருப்பில் இத்தனை வருடமும் சண்டை போட்டது தொட்டிகளோடு இல்லை, லாரிகளோடுதான். உங்கள் வரைபடத்தில் லாரி வாசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடம் இருக்கிற உங்கள் தெருவில்! நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வேறு எதையும் கேட்க மறந்தாலும் அதைக் கேளுங்கள்.

தைரியமாகப் பேசுங்கள் என்று சொல்லச் சொன்னார். உங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை என்றேன்.

உங்கள் தங்கை

*

ஜூலை 10

அன்புள்ள வாலுவுக்கும், மேசையைத் தட்டியவருக்கும்,

சந்தோஷமாக எழுதுகிறேன்!

மண்டபம் நிறைந்து வெளியே படிக்கட்டிலும் ஆள். எங்கள் காலனி முன்வரிசை முழுக்க என் வாக்கியம் எழுதிய அட்டைகள். நகராட்சி இன்ஜினியர், சின்ன வயது, ஒரு குச்சியால் திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். “சுற்றிலும் மரம் நடுறோம்” என்றார். நான் உங்களை நினைத்துக்கொண்டேன்.

டிரைவர் எழுந்து ஹாரன் அடித்து முடித்து, “இப்போ எங்க கான்வென்ட் அம்மா பேசுவாங்க!” என்று உட்கார்ந்தார். கைதட்டல். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன்.

“போன கூட்டத்துல நான் ஒரு கேள்வி கேட்டேன். அது இந்த அட்டையில எல்லாம் இருக்கு. பதில் தெரியாமத்தான் கேட்டேன். நீங்களும் பதில் தெரியாமத்தான் கைதட்டினீங்க. இப்போ பதில் சொல்றேன். வெள்ளைத் துணி காயப்போட முடியும். முகர்ந்து பார்த்துட்டு வந்திருக்கேன். மானமுள்ள குடும்பம் குடியிருக்கு. அது என் தங்கை குடும்பம். என் தங்கை வீட்டுக்காரர் அங்கே ஃபோர்மேன். அட்டையை இறக்குங்க.”

டிரைவர், “அம்மா! கட்சி மாறிட்டீங்களே!” என்று அலறினார்.

“மாறல. இனிமேதான் சண்டையே. உட்காருங்க.”

இன்ஜினியர் பக்கம் திரும்பி, “லாரி வாசல் எந்தப் பக்கம்?” என்றேன்.

குச்சி திரையில் கொஞ்சம் அலைந்தது. “இங்க... பள்ளிக்கூடத் தெருவுல.”

“ஏன் அங்க?”

“வரைபடத்துல அங்கதான் மேடம் ரோடு இருந்தது.”

மண்டபமே எழுந்துவிட்டது! சமாதானம் பேச வந்த கவுன்சிலரும் எழுந்து கத்தினார். மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். கொசுவைவிட இதை நன்றாகவே பேசினார். நான் விடவில்லை. கூரை, கசடுக் கொட்டகை, காலைக் காற்று, ஜெனரேட்டர், ஒவ்வொன்றாக. அந்த இன்ஜினியர் முதலில் நெற்றியைத் துடைத்தார், பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். முடிவில், “இதெல்லாம் யார் மேடம் சொன்னது?” என்றார். “தண்ணீர் இலாகாவில் எங்கள் வீட்டு மாப்பிள்ளை,” என்றேன்.

திட்டத்தைத் திருத்தி வரைந்து எங்களிடம் காட்டிய பிறகுதான் அடுத்த வேலை என்று மேடையிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது டிரைவர் என்னோடு பேசவில்லை. வாசலில் மட்டும், “வாசல் மேட்டர் நல்லா இருந்துச்சு,” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அந்த மேடையில்தான் கிடைத்தது. அதனால் அங்கேயே சொல்லிவிட்டேன். உனக்குத் தனியாக எழுத வேறு வாக்கியம் இல்லை.

உன் அக்கா

*

செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

உடனே எழுதாததற்குக் காரணம், உங்கள் கடிதம் என் கையில் இல்லை. இவர் ஷிப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்துப்போய், பரிசோதிக்கிற பெண்ணிடமும் வாட்ச்மேனிடமும் படித்துக்காட்டுகிறார். “எங்கள் வீட்டு மாப்பிள்ளை” என்ற இடம் வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறார். உங்களுக்கு எழுத நாலு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அட்டையை இறக்கச் சொன்ன இடம் ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன்.

இங்கே மழை. கசடு காயவில்லை, சன்னலைச் சாத்தியிருக்கிறோம். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் மழைக்கு எப்படி இருக்கிறது? புது வரைபடம் வந்ததா?

உங்கள் தங்கை

*

அக்டோபர் 5

அன்புள்ள வாலுவுக்கு,

முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்கிறது, வானொலியைவிடச் சரியாக.

வந்துவிட்டது! புது வரைபடம் நேற்று வந்தது. இன்ஜினியரே கொண்டுவந்தார். பின்சுவர் ஏறிக் குதிக்காமல் முன்வாசலில் மணி அடித்தார். லாரி வாசல் நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டது. கொட்டகை வாய்க்காலுக்கு அப்பால். தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கூரை. ஜெனரேட்டருக்குத் தனி அறை. டிரைவர் கண்ணாடி போட்டு, விரலால் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்து, “திரும்புற இடம் பத்தாது, லாரி ரிவர்ஸ்லதான் வரணும்,” என்று குறை கண்டுபிடித்தார். இன்ஜினியர் பார்த்துவிட்டு, “ஆமாங்க,” என்றார். அத்தோடு டிரைவரும் கட்சி மாறிவிட்டார். காலனியில் இன்னும் சிலர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

என் சுவரை ஒட்டி இருந்த இடம் காலியானதும், அங்கே என்ன போடலாம் என்று இன்ஜினியர் கேட்டார். ஊழியர் குடியிருப்பைப் போடுங்கள் என்றேன். முற்றத்தில் வெயில் விழுகிற பக்கம் கொடி கட்ட இடம் விட வேண்டும் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் உன் அத்தான் வைத்த சன்னலைத் திறந்தேன். கொக்கி துருப்பிடித்து, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. வாய்க்கால் நாற்றம் அடித்தது. மூடவில்லை. இன்னும் எத்தனை நாள் அடிக்கும் பார்க்கலாம் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். செப்டம்பர்க் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மழை இருக்கிறது, கசடு இருக்கிறது, என் முழங்கால்கூட இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. அழைக்காத வீட்டுக்கு நான் போவதில்லை, உனக்குத் தெரியும். இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஒரு வாரம் வந்து தங்குவதற்குத் துணி எடுத்து வைத்துவிட்டேன். தொட்டிப் பக்கம் சன்னல் இருக்கிற அறை வேண்டும். அந்த இரைச்சலில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றாவது விரிப்பைத்தான் எனக்குப் போட வேண்டும், தையலைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என்னை அழைத்து, வீட்டு எண்ணோடு முழு விலாசமும் போட்டு ஒரு கடிதம் எழுது. போனில் சொல்லாதே. எழுதி அனுப்பு.

உன் அக்கா